ஜி லீக்குக்கு அனுப்பினால் ஆட்டக்காரரின் கதை முடிந்ததா?

நெல்லை_ரீபவுண்ட் (கேள்வி)

என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கை விடாமல் பார்க்கிறேன், ஆனால் அதற்கு ஒரு படி கீழே ஆட்டக்காரர்களைப் பழக்கும் இந்த ஜி லீக்கை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் பிடிபடவில்லை. 2024 டிராஃப்டில் (புது ஆட்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் 55ஆவது இடத்தில் பிரானி ஜேம்ஸை எடுத்தார்கள். சீசனின் முதல் ஆட்டத்தில் அப்பா லெப்ரானும் மகனும் ஒன்றாகக் களம் இறங்கினார்கள், உலகமே பேசியது. கொஞ்ச நாளில் பையனை லேக்கர்ஸின் ஜி லீக் அணியான சவுத் பே லேக்கர்ஸுக்கு அனுப்பினார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் உடனே "அவ்வளவுதான், ஆள் காலி" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அடுத்த மார்ச்சில் அதே ஜி லீக்கில் சான்டா குரூஸ் வாரியர்ஸுக்கு எதிராக 39 புள்ளி எடுத்தபோது, "அங்கே யார் வேண்டுமானாலும் 39 எடுப்பார்கள்" என்றார்கள்.

பேஸ்பாலில் மைனர் லீக்கில் ஆடாமல் வந்தவர்களே அபூர்வம், அதை யாரும் கேவலமாகப் பேசுவதில்லை. கூடைப்பந்தில் மட்டும் ஏன் இப்படி? அனுப்புவது தண்டனையா, பயிற்சியா? ஆட்டத்தின் தரம் உண்மையிலேயே அவ்வளவு மோசமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கார்னர்_த்ரீ

பேஸ்பாலோடு ஒப்பிட்டீர்களே, பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. பேஸ்பாலில் கல்லூரியில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கீழ்மட்டத்தில் தொடங்கி படிப்படியாக ஏறித்தான் மேலே வர வேண்டும், அதனால் அங்கே இருப்பது யாருக்கும் குறைச்சல் இல்லை. கூடைப்பந்தில் அந்த வேலையைப் பல வருடங்களாகக் கல்லூரி அணிகளே செய்து வந்தன. டிராஃப்டில் முதல் சில இடங்களில் எடுக்கப்பட்டவர் நேரே என்.பி.ஏ.வில் இறங்கி 30 நிமிடம் ஆடுவார் என்பதுதான் ரசிகர்கள் பழகிய வழக்கம். அப்படிப் பழகியவர்களுக்கு நடுவில் ஒரு நிறுத்தம் வந்தாலே ஏதோ தோல்வி மாதிரித் தெரிகிறது. இந்த லீக்கே 2001இல்தான் தொடங்கியது, எட்டே அணிகள், எல்லாம் அமெரிக்காவின் தென்கிழக்கில். அப்போது ஒவ்வொரு என்.பி.ஏ. அணிக்கும் தனி அணி என்ற ஏற்பாடு கிடையாது. அன்றைக்கு ஒட்டிய பெயர் இன்னும் போகவில்லை.

இன்றைக்கு நிலைமை வேறு. 2024-25இல் மொத்தம் 31 அணிகள். 30 என்.பி.ஏ. அணிகளுக்கும் ஆளுக்கொன்று, அது போக மெக்சிகோ சிட்டியின் கபிடானெஸ். பிரானி விஷயத்தில் "கீழே அனுப்பினார்கள்" என்று எல்லாரும் சொன்னார்கள், ஆனால் சவுத் பே லேக்கர்ஸ் ஆடுவது எல் செகுண்டோவில் லேக்கர்ஸ் தினமும் பயிற்சி எடுக்கும் அதே கட்டடத்தில்தான்! அதே மருத்துவக் குழு, பெரும்பாலும் அதே ஆட்ட முறை, பயிற்சியாளர்கள் பேசும் அதே சொற்கள். சம்பளமும் குறையாது. என்.பி.ஏ. ஒப்பந்தம் உள்ளவர் ஜி லீக்கில் ஆடினாலும் என்.பி.ஏ. சம்பளமே வாங்குவார். காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த கோல்டன் ஸ்டேட் நட்சத்திரம் கிளே தாம்சனையே 2021இல் பயிற்சிக்காக அதன் ஜி லீக் அணியான சான்டா குரூஸுக்கு அனுப்பினார்கள், அதைத் தண்டனை என்று யார் சொல்வது?

இருபது வயதுப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து டவலைச் சுழற்றிக்கொண்டே 82 ஆட்டத்தைக் கழித்தால் அவன் என்ன கற்றுக்கொள்வான்? சீசன் நடுவில் என்.பி.ஏ. அணிகளுக்கு ஒழுங்காகப் பயிற்சி நடத்தவே நேரம் கிடைப்பதில்லை. ஒரே வாரத்தில் நாலு ஆட்டம், நடுவில் விமானம். பந்தைக் கையில் வைத்துத் தப்புச் செய்ய, செய்த தப்பை மறுநாளே திருத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டும்.

தரம் பற்றி: 39 புள்ளி சும்மா வராது. எதிரே நிற்பவர்கள் எல்லாம் கல்லூரியில் நட்சத்திரமாக இருந்தவர்கள், என்.பி.ஏ.வுக்கு ஒரு படி கீழே நிற்பவர்கள். ஆனால் அங்கே வேகம் அதிகம், தடுப்பாட்டம் தளர்வு, எல்லாரும் தன்னைக் காட்டிக்கொள்ளத் துடிப்பார்கள், அதனால் புள்ளிக் கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் பார்க்க வேண்டும். நான் பார்ப்பது வேறு: பிக்-அண்ட்-ரோலில் (சக ஆட்டக்காரர் தடுப்பவரை மறித்துவிட்டுக் கூடையை நோக்கி ஓடும் உத்தி) எத்தனை சரியான முடிவு எடுக்கிறார், தன்னைவிட உயரமான ஆளைத் தடுக்கும்போது காலை ஒழுங்காக நகர்த்துகிறாரா. அது எந்த லீக்கிலும் பொய் சொல்லாது.

மிசிசாகா_ரூபன்

நான் இருக்கிறது மிசிசாகாவில், ரொறொன்ரோ ராப்ரர்ஸின்ர ஜி லீக் அணியான ராப்ரர்ஸ் 905 ஆட்டங்களுக்குப் போய் வாறனான். இஞ்ச நிறையத் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவினம். ரொறொன்ரோவுக்குள்ளே போய் ராப்ரர்ஸ் ஆட்டம் பார்க்க ஆகிற காசில் ஒரு சின்னப் பங்குக்கு முன்வரிசைக்குக் கிட்ட இருந்து பார்க்கலாம், பயிற்சியாளர் கத்துறது கூடக் கேட்கும்.

தரத்தைப் பற்றிக் கதைக்கிற ஆக்களுக்கு நான் ஒரு பெயர்தான் சொல்லுவேன், பஸ்கால் சியாக்கம். 2016 டிராஃப்டில் 27ஆவது ஆள். முதல் வருசம் ராப்ரர்ஸில் கொஞ்சம் ஆடினார், பிறகு 905க்கு விட்டார்கள். 2017இல் 905 சாம்பியன், இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் சியாக்கம். அதே அணியில் டிராஃப்டில் ஒருத்தருமே எடுக்காத பிரெட் வான்விலீற்றும் ஆடியிருக்கிறார். இரண்டே வருசம் கழித்து, 2019 என்.பி.ஏ. இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் கோல்டன் ஸ்ரேற்றுக்கு எதிராக சியாக்கம் 32 புள்ளி. கோப்பையை வென்ற ஆறாவது ஆட்டத்தில் வான்விலீற் 22. ரொறொன்ரோ தெருவெல்லாம் சனம் நிரம்பி வழிந்த அந்த நாளை இங்கே இருக்கிற ஒருத்தரும் மறக்க மாட்டினம். அந்த அணியின் பயிற்சியாளர் நிக் நர்ஸ் ஆர் எண்டு பாருங்கோ. ஜி லீக்குக்கு டி-லீக் எண்டு பெயர் இருந்த காலத்தில் 2011இல் அயோவா எனர்ஜியோடும் 2013இல் ரியோ கிராண்ட் வலி வைப்பர்ஸோடும் கோப்பை எடுத்த மனிசன். அதே 2019 அணியில் ஆடின டனி கிறீனும் டி-லீக்கில் ரீனோவுக்கும் ஒஸ்ரினுக்கும் ஆடினவர்தான்.

ஆட்டக்காரரை மட்டும் பார்த்து இந்த லீக்கை அளக்காதேங்கோ. பயிற்சியாளர், நடுவர், மைதானத்தில் மைக் பிடிக்கிற ஆள் வரைக்கும் இஞ்சதான் தொழில் பழகினம். இண்டைக்கு என்.பி.ஏ.வில் ஆடுகிற ஆக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஒரு கட்டத்தில் ஜி லீக்கில் ஆடினவைதான்.

பேட்ரூன்_84

ரூபன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் கீழ் லீக் என்றால் கேவலம் என்ற பேச்சு ஜி லீக்கோடு பிறக்கவில்லை, அதற்கு முன்னால் சி.பி.ஏ. என்று ஒன்று இருந்தது. காண்டினென்டல் பாஸ்கெட்பால் அசோசியேஷன், 1946 ஏப்ரலில் பென்சில்வேனியாவில் வேறு பெயரில் தொடங்கியது. வயதில் என்.பி.ஏ.வுக்கே சில வாரம் மூத்தது. ஃபில் ஜாக்சன் சிகாகோ புல்ஸுக்குப் போவதற்கு முன் அல்பனி பேட்ரூன்ஸைப் பயிற்றுவித்து 1984இல் கோப்பை வாங்கினார். ஜார்ஜ் கார்ல் 1990-91இல் அதே அல்பனியோடு 50 வெற்றி, 6 தோல்வி. நிக்ஸ் ரசிகர்கள் கொண்டாடிய ஜான் ஸ்டார்க்ஸ் சி.பி.ஏ.வில் ஆடிவிட்டு வந்தவர். அவர்களுடைய புள்ளிப் பட்டியலே தனி அழகு: ஆட்டத்தை வென்றால் 3 புள்ளி, அது போக வென்ற ஒவ்வொரு கால் பகுதிக்கும் 1. முப்பது புள்ளி பின்தங்கிய அணிக்கும் கடைசிக் காலை விடாமல் ஆட ஒரு காரணம் இருந்தது.

அங்கே சின்ன ஊர்கள் தங்கள் அணியைத் தங்கள் அணியாகவே பார்த்தன. ஜெயிப்பதுதான் நோக்கம், மேலே ஆள் அனுப்புவது இரண்டாவது. 1999இல் முன்னாள் என்.பி.ஏ. நட்சத்திரம் ஐசையா தாமஸ் லீக்கை மொத்தமாக வாங்கினார், 2001 தொடக்கத்திலேயே அது நொறுங்கியது. அதே 2001இல் என்.பி.ஏ. தன் சொந்த லீக்கைத் தொடங்கியது. சி.பி.ஏ. பிறகு கொஞ்ச காலம் உயிர்பெற்று வந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. சூ ஃபால்ஸ் ஸ்கைஃபோர்ஸ் மாதிரி சில அணிகள் மட்டும் 2006இல் இந்தப் பக்கம் வந்து தப்பித்தன. இப்போது அது மயாமி ஹீட்டின் அணி, டங்கன் ராபின்சன் தேறியது அங்கேதான். எனக்கு அந்த ஊர்ப்பற்று போனதில் இன்றும் வருத்தம் உண்டு.

தேவி_பாயிண்ட்கார்டு

எல்லாரும் மேலே போனவர்களின் பெயரையே சொல்கிறீர்கள், போகாதவர்களைப் பற்றியும் பேச வேண்டும். ஜி லீக் அணியில் ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டு மூன்று விதமான ஆட்கள் நிற்கிறார்கள். என்.பி.ஏ. ஒப்பந்தத்தோடு வந்தவர் நம் ரூபாயில் கோடிக்கணக்கில் வாங்குவார். டூ-வே ஒப்பந்தம் (இரண்டு லீக்கிலும் ஆடுவதற்கானது) உள்ளவர், ஓர் என்.பி.ஏ. அணிக்கு மூன்று பேர் வரை, 2024-25இல் 5,78,577 டாலர் வாங்கினார். மூன்றாவது ஆள் வெறும் ஜி லீக் ஒப்பந்தக்காரர், அதே வருடம் முழு சீசனுக்கும் 43,000 டாலர். தங்க இடமும் மருத்துவக் காப்பீடும் தருகிறார்கள், சரி. ஆனால் பக்கத்து லாக்கரில் இருப்பவரின் ஒரு மாதச் சம்பளம்கூட இவருக்கு வருடம் முழுக்கக் கிடையாது. அதே ஆளை ஓர் என்.பி.ஏ. அணி பத்து நாள் ஒப்பந்தத்தில் கூப்பிட்டால், புது ஆளுக்கே 66 ஆயிரம் டாலருக்கு மேல். பத்து நாள், ஒரு சீசனை விட அதிகம்! இந்தக் கணக்கு தலையில் ஓடும்போது யார் பந்தை அடுத்தவருக்குக் கொடுப்பார்? கார்னர்_த்ரீ சொன்ன "தன்னைக் காட்டிக்கொள்ளும்" ஆட்டத்துக்குக் காரணம் இதுதான், ஆட்டக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆண்ட்ரே இங்கிராமை எல்லாரும் கொண்டாடினோம். பத்து வருடம் கீழ் லீக்கில் ஆடி, பிழைப்புக்குக் கணக்கு டியூஷன் எடுத்து, 2018 ஏப்ரலில் 32 வயதில் லேக்கர்ஸுக்கு முதல் முறை ஆடி ஹூஸ்டனுக்கு எதிராக 19 புள்ளி. எனக்கும் அன்றைக்குக் கண் கலங்கியது. ஆனால் அவ்வளவு நன்றாகச் சுடக்கூடிய ஒருவரைப் பத்து வருடம் யாரும் கூப்பிடவில்லை என்பதும் அதே செய்திதான். அதனால்தான் ஐரோப்பாவிலோ சீனாவிலோ பல மடங்கு பணம் கிடைத்ததும் நிறையப் பேர் கிளம்பிவிடுகிறார்கள், அதில் தப்பே இல்லை.

இன்னொன்று. இந்த லீக்கை என்.பி.ஏ. தன் சோதனைக்கூடமாகவும் வைத்திருக்கிறது. நடுவர் தீர்ப்பைப் பயிற்சியாளர் எதிர்த்துக் கேட்கும் சேலஞ்ச், வீசிய அணியே ரீபவுண்டு எடுத்தால் ஷாட் கடிகாரத்தை 14 விநாடிக்கு மாற்றுவது எல்லாம் இங்கே ஓட்டிப் பார்த்துத்தான் மேலே போயின. 2019-20இலிருந்து ஃப்ரீ த்ரோவே ஒன்றுதான், அந்த ஒன்றுக்கே இரண்டு அல்லது மூன்று புள்ளி, கடைசி இரண்டு நிமிடம் மட்டும் வழக்கம் போல. ஹூஸ்டன் தன் வைப்பர்ஸ் அணியை 2013-14இல் ஆட்டத்துக்கு 45க்கும் மேல் மூன்று புள்ளி வீசவைத்தது. அப்போது என்.பி.ஏ. சராசரி அதில் பாதிகூட இல்லை. விளையாட்டுக்கு அது நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜெயிப்பதைத் தவிர வேறு இத்தனை நோக்கம் உள்ள ஒரு லீக்கை ரசிகர் முழு மனதோடு பின்தொடர மாட்டார். கெட்ட பெயர் போகாததற்கு ஆட்டத்தின் தரத்தை விட இதுதான் காரணம் என்பேன்.

நெல்லை_ரீபவுண்ட்

தேவி, ஒரு சந்தேகம். 43,000க்கு ஆடுபவரை மேலே இருக்கும் அவருடைய தாய் அணி மட்டும்தான் கூப்பிட முடியுமா? அப்புறம் நம் ஆட்கள் யாராவது இந்த வழியாகப் போயிருக்கிறார்களா?

தேவி_பாயிண்ட்கார்டு

இல்லை, அவரை 30 அணிகளில் எதுவும் கூப்பிடலாம். வருடம் முழுக்கச் சொல்லிக்கொடுத்த தாய் அணிக்குத் தனி உரிமை கிடையாது. அந்த உரிமை வேண்டுமென்றால் டூ-வே கொடுத்துக் கட்டிப்போட வேண்டும். குறைந்த பணத்துக்கும் ஆட்கள் அங்கே நிற்பதற்கு இதுவே பெரிய காரணம். ஐரோப்பாவில் ஆடினால் சீசன் நடுவில் கிளப் விடாது, இங்கே இன்றைக்குப் போன் வந்தால் நாளைக்கு என்.பி.ஏ. ஜெர்சி.

கார்னர்_த்ரீ

இந்தியர்கள் போயிருக்கிறார்கள். சத்னம் சிங், பஞ்சாபின் பல்லோ கே கிராமம், 2015இல் டல்லஸ் 52ஆவது இடத்தில் எடுத்தது. டெக்சஸ் லெஜண்ட்ஸில் ஆடினார், மேலே ஏற முடியவில்லை. கல்லூரி ஆட்டமே இல்லாமல் பள்ளியிலிருந்து நேரே வந்த 19 வயதுப் பையனுக்கு அந்த வேகம் பிடிபடக் காலம் வேண்டியிருந்தது, லெஜண்ட்ஸில் ஆடியதும் சில நிமிடங்கள்தான். அம்ஜ்யோத் சிங் 2017இல் ஓக்லஹோமா சிட்டி ப்ளூவுக்குப் போனார்.

அதற்குப் பிறகு பிரின்ஸ்பால் சிங். கிரேட்டர் நொய்டா என்.பி.ஏ. அகாடமியில் வளர்ந்து ஜி லீக் இக்னைட்டில் ஆடினார். ஜாலன் கிரீனும் ஜொனாதன் குமிங்காவும் அதே அணியில் இருந்தார்கள். இக்னைட் என்பது கல்லூரிக்குப் போகாமல் நேரே சம்பளம் வாங்கிக்கொண்டு பழகுவதற்காக 2020இல் உருவாக்கியது. 2021க்குப் பிறகு கல்லூரியிலேயே மாணவர் தன் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்று ஆனதும் அமெரிக்கப் பையன்களுக்கு அது தேவைப்படவில்லை, 2023-24 சீசனோடு மூடிவிட்டார்கள். மாணவர் விசாவில் போகும் வெளிநாட்டுப் பையனுக்கு அந்தக் கல்லூரிப் பணத்தை வாங்குவதில் இன்னும் ஏகப்பட்ட சிக்கல். இக்னைட் மூடியதை அமெரிக்காவில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் பிரின்ஸ்பால் மாதிரி ஒரு பையனுக்கு அதே மாதிரி இன்னொரு கதவு இன்னும் திறக்கவில்லை.