பாரில் வயசைக் காட்ட எது செல்லும்: ஒரிஜினல் கார்டா, டிஜிலாக்கரா, ஆதாரா?

மெரினாக்காற்று
தமிழ்நாட்டில் ஒருத்தருக்கு மது கொடுக்கணும்னா, வாங்கறவருக்கு 21 வயசு ஆகியிருக்கணும். எஃப்.எல்.3 உரிமம் (ஓட்டலுக்குள்ள பார் நடத்தறதுக்கானது) உள்ள ஒரு நட்சத்திர ஓட்டல் பார்னு வச்சுக்குவோம். 22 வயசு ஆள் ஒருத்தர் போன்ல டிஜிலாக்கரை, அதாவது ஆவணங்களை வச்சுக்கற அரசு செயலியை, திறந்து ஓட்டுநர் உரிமத்தைக் காட்டறார். "ஒரிஜினல் கார்டு இல்லாம விட மாட்டோம்"னு வாசல்லயே திருப்பி அனுப்பறாங்க. இதே ஆவணத்தை நடுரோட்டுல டிராஃபிக் போலீஸ் ஏத்துக்கணும்னு 2018லயே விதியைத் திருத்திட்டாங்க. போலீசுக்குச் செல்லும், பாருக்குச் செல்லாதா? இது அடாவடி இல்லையா?

வாயிற்படி
அடாவடி இல்லைங்க. போலீஸ் கையில இருக்கற கருவியில உரிம எண்ணைத் தட்டினா விவரம் வந்துடும். வாசல்ல நிக்கறவருக்குக் கண்ணுக்குத் தெரியறது திரை மட்டும்தான். அந்தத் திரையில ஓடறது நிஜமான செயலியா, போட்டோ எடிட்டர்ல பிறந்த வருஷத்தை 2006லேர்ந்து 2003ஆ மாத்தின படமான்னு மங்கலான வெளிச்சத்துல எப்படிச் சொல்றது? கார்டுன்னா கையில வாங்கலாம், திருப்பிப் பார்க்கலாம், விளிம்பைத் தடவலாம்.

மெரினாக்காற்று
ஸ்கிரீன்ஷாட்டை மறுங்க, நானும் கூட வந்து மறுக்கறேன். செயலியையே ஏன் மறுக்கணும்? போனை அவர் கையிலேயே வச்சுக்கட்டும். செயலியை மூடி, முகப்பிலேர்ந்து புதுசாத் திறக்கச் சொல்லுங்க. பின் நம்பர் போட்டு உள்ளே போய், 'வழங்கப்பட்ட ஆவணங்கள்' பகுதிக்கு வரட்டும். கூத்து நடக்கறதே பக்கத்துல இருக்கற 'பதிவேற்றியவை' பகுதியிலதான். அதுல யார் வேணா எந்தப் படத்தை வேணா ஏத்தலாம், அதுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாததாலதான் மொத்த டிஜிலாக்கரையும் சந்தேகப்படறாங்க.

சட்டப்பூனை
ரெண்டு பேரும் விதியைப் படிச்ச மாதிரி தெரியலை. டிஜிலாக்கருக்கான 2016 விதிகள்ல 9ஏ-ன்னு ஒண்ணை 2017ல சேர்த்தாங்க. டிஜிலாக்கர் வழியாப் பகிரப்படற ஆவணத்தை, காகித ஆவணத்துக்குச் சமமா, கேட்கறவர் ஏற்கத் தொடங்க'லாம்'னுதான் அதுல இருக்கு. ஏற்க'ணும்'னு இல்லை. அடுத்த உட்பிரிவு இன்னும் முக்கியம். வழங்கின துறையே நேரா அனுப்பினதாக் கருதப்படணும்னா, கேட்கறவர் அந்த ஆவணத்தோட இணைய முகவரி வழியாத் திறந்து பார்த்திருக்கணும். அடுத்தவர் போனை எட்டிப் பார்க்கறது அதுல சேராது. அதனால மெரினா, "சட்டப்படி மறுக்க முடியாது"ங்கற வாதம் நிக்காது. 2018 திருத்தமும் வாகனச் சோதனைக்கு மட்டும்தான்.

மெரினாக்காற்று
சரி, கட்டாயம் இல்லைன்னே வச்சுக்குவோம். மறுக்கறதுக்கும் சட்டம் காரணம் கொடுக்கலை இல்லையா? உரிமத்துல க்யூஆர் இருக்கு. பார்க்காரர் தன் போன்ல டிஜிலாக்கர் ஸ்கேனரைத் திறந்து சரிபார்க்கலாம். அரை நிமிஷ வேலை.

வாயிற்படி
பாதிப் பார்கள் தரைக்குக் கீழே இருக்கு. சிக்னல் ஒரு கட்டை கூட வராது. வந்தவர் போன்ல ஆவணம் திறக்காம வட்டம் சுத்திட்டே இருக்கும், பின்னாடி எட்டுப் பேர் நிப்பாங்க. சரிபார்ப்பை வரவேற்பு மேசைக்கே மாத்திட்டா உங்க வழி நடக்கும், ஒத்துக்கறேன். மாத்தாத இடத்துல கார்டு கேக்கறதைத் தவிர வேற வழி இல்லை.

தெருக்கோடி
இவ்வளவு எதுக்கு? ஆதாரைக் காட்டிட்டுப் போகவேண்டியதுதானே. எல்லார்கிட்டயும் இருக்கு.

சட்டப்பூனை
வயசு விஷயத்துல ஆதார்தான் சறுக்கும். அது அடையாளத்துக்குத்தான், பிறந்த தேதிக்குச் சான்று இல்லைன்னு ஆதார் ஆணையமே சொல்லியாச்சு. 2024 ஜனவரியில வருங்கால வைப்பு நிதி நிறுவனம் பிறந்த தேதிச் சான்றுப் பட்டியல்லேர்ந்து ஆதாரை எடுத்துடுச்சு. அதே வருஷம் அக்டோபர்ல, ஒரு விபத்து இழப்பீட்டு வழக்குல, வயசுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழைத்தான் எடுத்துக்கணும், ஆதாரை இல்லைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. பதிவு பண்றப்ப வாய்மொழியாச் சொன்ன தேதியும் உள்ளே போயிருக்கு. ஜனவரி 1 பிறந்தநாள்காரங்க ஊருக்கு நூறு பேர் இருக்கறது சும்மாவா?

தெருக்கோடி
பள்ளி மாற்றுச் சான்றிதழைப் பையில மடிச்சு வச்சுக்கிட்டு யாருங்க பாருக்குப் போவாங்க! அங்க நடக்கறது இழப்பீட்டு வழக்கு இல்லை. எதிர்ல நிக்கறவருக்கு 21 ஆச்சுன்னு நியாயமா நம்ப ஏதாவது ஒண்ணு வேணும், அவ்வளவுதான். ஆதார்ல இருக்கற க்யூஆரை அழிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

கோடுகிழிப்பான்
இங்க ஒரு திருத்தம். எல்லா ஆதார் க்யூஆரும் ஒண்ணு இல்லை. 2018க்கு முந்தின அச்சுல இருக்கறது வெறும் எழுத்து. பேர், வருஷம், முகவரி எல்லாம் சாதாரண ஸ்கேனர்லயே தெரியும், டிஜிட்டல் கையெழுத்து கிடையாது, எவனும் வீட்டுல உக்காந்து புதுசா ஒண்ணு செய்யலாம். புதுசை சாதாரண ஸ்கேனர்ல வச்சா நீளமா எண்கள் மட்டும் வரும். அதை ஆதார் ஆணையத்தோட ஸ்கேனர் செயலியில வைக்கணும். கையெழுத்தைச் சரிபார்த்துட்டுப் பேர், தேதி, படம் எல்லாம் காட்டும். மேலே அச்சான தேதியை எவ்வளவு நேர்த்தியாத் திருத்தியிருந்தாலும் உள்ளே இருக்கற தேதி காட்டிக் கொடுத்துடும்.

ஆனா அந்தக் க்யூஆர் ரொம்ப அடர்த்தி. கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ், மடிப்பு விழுந்த தாள், பளபளக்கற லேமினேஷன், விரிசல் விட்ட போன் திரை, எதுலயும் ஒழுங்காப் படிக்காது. படிக்கலைன்னா போலின்னு முடிவு கட்டக் கூடாது, வேற சான்று கேக்கணும். பழைய அட்டை சிலதுல பிறந்த வருஷம் மட்டும்தான் இருக்கும். அந்த வருஷத்தோட 21 கூட்டினா இந்த வருஷம் வந்தா, மாசம் தெரியாம வயசைச் சொல்லவே முடியாது.

வாயிற்படி
வாக்காளர் அட்டையிலயும் அதே தொல்லை. பழசுல 'ஜனவரி 1 அன்று வயது'ன்னு மட்டும் போட்டிருக்கும். பான்ல தேதி இருக்கு, பரவாயில்லை. கல்லூரி அட்டையில பெரும்பாலும் தேதியே இருக்காது, அதைக் கொண்டுவந்து சண்டை போடறவங்கதான் அதிகம். எனக்குப் பிடிச்சது ஓட்டுநர் உரிமம். எண்ணுலயே முதல்ல வாங்கின வருஷம் இருக்கு: டிஎன், ரெண்டு இலக்க அலுவலக எண், அப்புறம் நாலு இலக்க வருஷம். கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கு 16லயே கொடுப்பாங்க. அதனால வாங்கி அஞ்சு வருஷம் முழுசா முடிஞ்சிருந்தா 21 ஆகியே இருக்கணும்.

கோடுகிழிப்பான்
ஒரு பக்கம்தான் வெட்டும் அந்தக் கத்தி. போன வருஷம் உரிமம் வாங்கினவருக்கு 19ஆ 40ஆன்னு எண் சொல்லாது. இன்னொண்ணு, திருத்தின அட்டையை விட இரவல் அட்டைதான் நிறைய வருது. அண்ணன் அட்டை, ரூம்மேட் அட்டை. அது அசல், க்யூஆரும் சரியாவே வரும். முடி, தாடி, கண்ணாடியை விட்டுட்டுக் காது, தாடை, புருவ இடைவெளியைப் பாருங்க. அட்டையைக் கையில வச்சுக்கிட்டு அதுல இருக்கற பின்கோடு கேளுங்க. பத்தாவது எந்த வருஷம்னு கேளுங்க. பிறந்த தேதியைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, அதை மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வருவாங்க.

மெரினாக்காற்று
இதைத்தான் முதல்லேர்ந்து சொல்றேன். பிளாஸ்டிக் கேட்டு வாங்கினா மட்டும் இரவல் அட்டை நிக்குமா? அண்ணனோட கார்டைச் சட்டைப்பையில போட்டுட்டு வர்றது சுலபம். அண்ணனோட டிஜிலாக்கரைத் திறக்க அவர் போனும் பின்னும் வேணும்.

வாயிற்படி
அது நல்ல பாயிண்ட். ஒரே அறையில இருக்கறவங்களுக்குப் பின் தெரியாதான்னு மட்டும் கேட்டு வைக்கறேன்.

தெருக்கோடி
சிக்கலான கேள்வி ஒண்ணு. நாளைக்கு 21 ஆகப்போறவர் இன்னிக்கு ராத்திரி பத்து மணிக்குக் கேக் டப்பாவோட வர்றார். பன்னண்டு அடிச்சதும் ஒரு கிளாஸ். என்ன பண்ணுவீங்க?

சட்டப்பூனை
சட்டப்படி மேஜர் ஆகறதைப் பத்தின 1875 சட்டத்துக் கணக்குப்படி பிறந்த நாளையும் முழு நாளாச் சேர்க்கணும், ஆண்டு நிறைவு நாள் தொடங்கின நொடியே வயசு ஆயிடும். அது 18க்குச் சொன்னது. அதே கணக்கை 21க்கும் எடுத்துக்கிட்டா பன்னண்டு மணிக்கு மேல கொடுக்கலாம். பத்து மணிக்குக் கூடாது.

வாயிற்படி
நான் பத்து மணிக்கு ரெஸ்டாரண்டுல உக்காருங்கன்னு சொல்லிடுவேன். பன்னண்டுக்கு அப்புறம் பார் திறந்திருக்கான்னு அவர்தான் பார்த்துக்கணும்.