ஹாலுக்கு மணல் நிறமா, சாம்பல் பழுப்பா?

தாமான்வாசி:
மலேசியா, பேராக்ல சுங்கை சிப்புட், ஒற்றை மாடி டெரஸ் வீடு. ஹால் 12க்கு 15 அடி, உயரம் 10 அடி. ஒரே ஜன்னல், வடக்குப் பக்கம். மேலே போர்ச் கூரை, எதிரே செம்பனை. மணல் நிறம் (எல்ஆர்வி, அதாவது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற அளவு, 64), சாம்பல் பழுப்பு (62) ரெண்டும் கடையில ஒன்னு போலத் தெரியுது. தரை வெளிர் மஞ்சள் டைல்ஸ். வடக்கு வெளிச்சம் நீலமா இருக்கும்னு இணையத்துல போட்டிருக்காங்களே, சரியா? தீபாவளிக்கு முன்ன சாயம் அடிச்சாகணும்.

சாயக்கடை:
அது குளிர்நாட்டுக் கணக்குங்க. நம்ம ஊர்ல ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் முற்பாதி வரைக்கும் உச்சி வெயில் வடக்கேதான் சாயும். உங்க ஹாலுக்குப் போர்ச் நிழலும் எதிர்ப் பச்சையும்தான் முக்கியம். செம்பனை ஓலையில பட்டு வர்ற வெளிச்சத்துல பச்சை கலந்திருக்கும். சாம்பல் பழுப்புக்கு அடிநிறமும் பச்சைன்னா சுவர் பாசி ஏறின மாதிரி ஆயிடும். 64, 62 வித்தியாசத்தைக் கண்டுக்காதீங்க. ரெண்டு கார்டையும் வெள்ளை ஏ4 தாள் மேல வச்சு ஜன்னலோரம் பாருங்க. மஞ்சள், ரோஸ், பச்சை எது ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும்.

ரோலர்:
கார்டோட நிறுத்தாதீங்க. சாம்பிள் சாயம் வாங்கி 2 அடிச் சதுர மணிலா அட்டையில ரெண்டு கோட் அடிங்க, ஓரத்துல 2 அங்குலம் வெள்ளை விடணும். சுவர்லயே அடிச்சா பக்கத்துல உள்ள பழைய நிறம் கண்ணைக் குழப்பும். ஈரத்துல பார்த்து முடிவு பண்ணாதீங்க, காஞ்சதும் நிறம் மாறும். அட்டையை ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்லயும் டைல்ஸை ஒட்டியும் நிக்க வச்சு, காலையில, சாயந்தரம், ராத்திரி லைட் போட்டுப் பாருங்க. 3000கே (கெல்வின், வெளிச்ச நிறத்தோட அளவு) மஞ்சள் பல்புல மணல் நிறம் ஆரஞ்சு பக்கம் போகும். 6500கே வெள்ளை டியூப்ல சாம்பல் இன்னும் குளிர்ந்து தெரியும். பல்ப் மாத்துற எண்ணம் இருந்தா முதல்ல அதை மாத்துங்க. ரோஸ் அடி உள்ள மணல் நிறத்தை மஞ்சள் டைல்ஸோட சேர்க்கவே கூடாது, அழுக்காத் தெரியும்.

தாமான்வாசி:
பார்த்தாச்சு. மணலுக்கு அடி மஞ்சள், சாம்பலுக்கு லேசாப் பச்சை. எத்தனை லிட்டர் வேணும்?

சாயக்கடை:
அப்ப மணலே எடுங்க. கதவு, ஜன்னல் போக சுவர் சுமார் 45 சதுர மீட்டர். ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 10–12 சதுர மீட்டர்னு வச்சா, ரெண்டு கோட்டுக்கு 8, 9 லிட்டர். 5 லிட்டர் டின் ரெண்டு வாங்கி, ஒரே வாளியில ஊத்திக் கலக்கிட்டு ஆரம்பிங்க. டின்னுக்கு டின் நிறம் கொஞ்சம் தள்ளினா நடுச்சுவர்ல கோடு தெரியும். பழைய சுவரைத் தடவினா கையில மாவு ஒட்டுதா? அப்ப சுரண்டித் துடைச்சு சீலர் (சாயத்துக்கு முன்ன அடிக்கிற அடிப்பூச்சு) ஒரு கோட் கட்டாயம், இல்லன்னா உரிஞ்சு வரும்.

ரோலர்:
சாமி மேடைச் சுவருக்கு மட்டும் சாட்டின் (லேசா மினுங்குற சாயம்) போடுங்க, விளக்குப் புகையைத் துடைக்கலாம். ஒரே நிற நம்பர்னாலும் மேட் (மினுக்கம் இல்லாத சாயம்) பக்கத்துல அது வேற நிறமாத் தெரியும். அதனால மூலையில முடிங்க, நடுவுல வெட்டாதீங்க.