வீணையில் காந்தாரம் மங்குகிறது, பஞ்சமம் இரைகிறது: கோளாறு விரலிலா, மெட்டிலா?

கேள்வி (வீணை மாணவி)

அனைவருக்கும் வணக்கம். பாட்டியின் பழைய தஞ்சாவூர் வீணையில் சரளி வரிசை (ஆரம்ப ஸ்வரப் பயிற்சி) கற்றுவருகிறேன். சாரணியை, அதாவது முதல் தந்தியை, வெறுமனே மீட்டினால் ஸட்ஜம் (ஸ) கணீரென்று நிற்கிறது. மெட்டில் (தந்திக்குக் கீழே குறுக்காகப் பதித்த கம்பியில்) விரல் வைத்ததும் அந்தத் தெளிவு போய்விடுகிறது. காந்தாரம் (க) பல நேரம் தொப்பென்று விழுகிறது. பஞ்சமத்தில் (ப) கிர்ரென்று ஓர் இரைச்சல். விரல் நுனியில் தழும்பு விழும் அளவுக்கு அழுத்தியும் பயனில்லை. என் ஆசிரியர் வெளியூரில் இருக்கிறார். அவர் வருவதற்குள் தவறான பழக்கம் படிந்துவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

பதில் (வீணை ஆசிரியை)

முதலில் அழுத்துவதைக் குறையுங்கள் அம்மா. வீணையில் தந்திக்கும், மெட்டுகளைப் பதித்திருக்கும் மெழுகுக்கும் நடுவே இடைவெளி அதிகம். மெட்டை விட்டுத் தள்ளி அழுத்தினால் தந்தி கீழே இறங்கும், சுருதி ஏறும், நாதமும் கெடும். விரல் நுனி மெட்டின் மேலேயே, யாளிப் பக்கத்து (யாளி முகம் உள்ள முனைப் பக்கத்து) விளிம்பில் உட்கார வேண்டும். இடது கை நகம் ஒட்ட வெட்டியிருக்கட்டும்.

இப்போது ஒரு சோதனை. வரிசை வாசிக்க வேண்டாம். காந்தார மெட்டில் விரலை வைத்து, சற்று நிதானித்து, ஒரே ஒரு முறை மீட்டுங்கள். பஞ்சமத்துக்கும் அப்படியே. என்ன கேட்கிறது என்று எழுதுங்கள்.

மாணவி

செய்து பார்த்தேன் அம்மா. தனியாக மீட்டினால் காந்தாரம் சுத்தமாக ஒலிக்கிறது! வரிசையில்தான் மங்குகிறது. பஞ்சமம் மட்டும் எப்படி வைத்தாலும் இரைகிறது.

ஆசிரியை

அப்படியானால் உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

சரளி வரிசை வாசிக்கும் மாயாமாளவகௌளை ராகத்தில் ரிஷபம் (ரி) முதல் மெட்டு, காந்தாரம் நான்காவது மெட்டு. இடையில் இரண்டு மெட்டுகளைத் தாண்ட வேண்டும். மேரு (யாளிப் பக்கம் தந்திகளைத் தாங்கும் கட்டை) பக்கம் மெட்டுகளின் இடைவெளி அகலமாகவும் இருக்கும், குதிரையை (குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டையை) நெருங்க நெருங்கத்தான் குறுகும். இடது கை போய்ச் சேர்வதற்குள் வலது கை மீட்டிவிடுகிறது. பாதி அழுத்திய தந்தி தொப்பென்றுதான் விழும். கைவிரலைத் தூக்கி எடுக்காமல் தந்தியை ஒட்டியே நகர்த்துங்கள். சேர்ந்த பிறகு மீட்டுங்கள். ஸ, ரி, க, ம மட்டும், முதல் காலத்துக்கும் (மிக மெதுவான வேகத்துக்கும்) மெதுவாக. ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்தது பிறக்கும்வரை ஒலிக்க வேண்டும். காது அதை மட்டும் கவனிக்கட்டும், வேகம் தானாக வரும். இடது கையால் தண்டியை (மெட்டுகள் உள்ள நீண்ட கழுத்தை) இறுக்கிப் பிடிக்காதீர்கள். பிடித்த கை நகராது.

பஞ்சமத்துக்கு மேளம் கட்டுபவர்தான் (மெட்டுகளைச் சுருதி பார்த்து மெழுகில் பதிப்பவர்தான்) பதில் சொல்ல வேண்டும்.

பதில் (வீணை பழுது பார்ப்பவர்)

ஏழாவது மெட்டு மட்டும் இரைகிறது என்றால், அது மெழுகில் அமுங்கியிருக்கும், அல்லது எட்டாவது, அதாவது சுத்த தைவத (த) மெட்டு, எழும்பியிருக்கும். பஞ்சமத்தை அழுத்தியபடி, தந்திக்கும் எட்டாவது மெட்டுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை நுழைத்துப் பாருங்கள். மத்தியம (ம) மெட்டை அழுத்தி, அதற்கு அடுத்த மெட்டிலும் இதேபோல் செய்து ஒப்பிடுங்கள். அங்கே எளிதாக நுழைவது இங்கே சிக்கினால் சந்தேகமே வேண்டாம்.

சாரணித் தந்தியையும் விரலால் தடவிப் பாருங்கள். மெட்டு படும் இடத்தில் பள்ளமோ துருவோ தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். எஃகுத் தந்தி அதிக விலை இல்லை.

மாணவி

எட்டாவது மெட்டில் காகிதம் சிக்குகிறது ஐயா. தந்தியிலும் நான்கைந்து இடங்களில் பள்ளம் இருக்கிறது. மெழுகை நானே லேசாகச் சூடாக்கி அமுக்கிவிடலாமா?

பழுது பார்ப்பவர்

கூடாது. ஒரு மெட்டை இளக்கினால் பக்கத்து மெட்டுகளும் நகரும். 24 மெட்டுகளும் சுருதி பார்த்து நிறுத்தப்பட்டவை, ஒன்றை அசைத்தால் மற்றவற்றையும் சரிபார்க்க வேண்டிவரும். புதுத் தந்தி போட்டபின் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை காந்தாரப் பயிற்சியைத் தொடரலாம், அதற்கு இந்த மெட்டு குறுக்கே வராது. கொண்டுபோகும்போது வெயிலில் நிறுத்திய காருக்குள் வீணையை விட்டுவிடாதீர்கள். மெழுகு இளகிவிடும்.