விண்டோஸில் நேராக உள்ளே விடுகிறது, உபுண்டுவில் மட்டும் பாஸ்வேர்டு கேட்கிறது. கெர்பரோஸா, டிஎன்எஸ்ஸா?

சர்வர்ரூம்சாவி:

வணக்கம். எங்கள் ஆபீஸின் உள் போர்ட்டல் அப்பாச்சியில் ஓடுகிறது. ஆக்டிவ் டைரக்டரி (ஆபீஸின் மையப் பயனர் பட்டியல்) அக்கவுண்டில் லாகின் செய்த மெஷினிலிருந்து திறந்தால் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விட வேண்டும்; பாஸ்வேர்டுக்குப் பதில் டிக்கெட் காட்டும் கெர்பரோஸ் முறை அது. போன வாரக் கடைசியில் அதைப் புது சர்வருக்கு மாற்றினோம். ஐபியும் புதுசு. டிஎன்எஸ்ஸில் பெயருக்கு ஐபி சொல்லும் ஏ ரெக்கார்டை மாற்றியாயிற்று, சர்வரின் கெர்பரோஸ் சாவி இருக்கும் கீடேப் ஃபைலையும் கொண்டுபோய் வைத்தாயிற்று.

விண்டோஸ்காரர்களுக்கு எந்தப் பிரச்னையும் இல்லை. டிசைன் பிரிவில் உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஃபயர்ஃபாக்ஸில் பாஸ்வேர்டு பெட்டி எழும்புகிறது. கையிலிருக்கும் டிக்கெட்டுகளைக் காட்டும் கேலிஸ்ட் போட்டால் டிக்கெட் காலாவதியாகாமல் இருக்கிறது. டிஎன்எஸ்ஸைக் கேட்டுச் சொல்லும் என்எஸ்லுக்கப் புது ஐபியைத்தான் காட்டுகிறது. போர்ட்டலின் சர்வீஸ் பெயரை முழுசாக அடித்து, டிக்கெட் கேட்டுப் பார்க்கும் கேவிஎன்ஓ கட்டளையை ஓட்டினால் அதற்கும் டிக்கெட் வந்துவிடுகிறது. அப்பாச்சி லாகில் கெர்பரோஸ் பிழை என்று ஒன்றுமே இல்லை.

இதில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது வேறு. அதே பிரிவில் ஒரே ஒரு உபுண்டு மெஷினில் எல்லாம் சரியாக வேலை செய்கிறது. மாற்றத்துக்கு முன் சோதனைக்காக அதன் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (டிஎன்எஸ்ஸுக்கு முன் மெஷின் பார்க்கும் பெயர்ப் பட்டியல்) போர்ட்டலின் பெயரையும் புது ஐபியையும் எழுதியிருந்தோம். அந்த வரியை எடுத்தால் அதுவும் பாஸ்வேர்டு கேட்கிறது, திரும்பப் போட்டால் விடுகிறது. டிஎன்எஸ் சொல்வதும் அதே ஐபி, அந்த வரியில் இருப்பதும் அதே ஐபி. அப்புறம் எப்படி?

கீபோர்டுகிருக்கன்:

மெஷின்களின் கடிகாரத்தைப் பாருங்கள் ப்ரோ. 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் ஒத்துக்கொள்ளாது. அப்புறம் ஃபயர்ஃபாக்ஸில் நெகோஷியேட் நம்பகப் பட்டியலில் (டிக்கெட் காட்டலாம் என்று அனுமதித்த தளங்கள்) போர்ட்டல் பெயர் இருக்கிறதா?

சர்வர்ரூம்சாவி:

இரண்டும் பார்த்தாயிற்று. நேரம் எல்லாம் டொமைன் கன்ட்ரோலரோடு ஒத்துப்போகிறது. பட்டியல் எல்லா மெஷினுக்கும் ஒரே பாலிசியில் போகிறது.

பழையரேக்கு:

கடிகாரம் கோளாறு என்றால் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி போட்டதும் சரியாகிவிடாது. விடை அந்த வரியில்தான் இருக்கிறது. அது ஐபியை மாற்றவில்லை, பெயரை மாற்றுகிறது.

ஃபயர்ஃபாக்ஸில் போர்ட்டலின் பெயரை நீங்கள் அடித்தாலும், உபுண்டுவில் இருக்கும் எம்ஐடி கெர்பரோஸ் லைப்ரரி அதை அப்படியே எடுத்துக்கொள்ளாது. முதலில் அந்தப் பெயருக்கு ஐபி கேட்கும். பிறகு அந்த ஐபியைக் கொடுத்து, இது யாருடையது என்று தலைகீழாக ஒரு தேடல் போடும். திரும்பி வரும் பெயருக்குத்தான் டிக்கெட் கேட்கும். கெர்பரோஸ் அமைப்பு ஃபைலான கேஆர்பி5 டாட் கான்ஃபில் ஆர்டிஎன்எஸ் என்ற அமைப்பை நீங்கள் எழுதாமல் விட்டால் அதன் இயல்பு நிலை ட்ரூ. விண்டோஸ் இந்தத் தலைகீழ் வேலையைச் செய்வதில்லை, அதனால்தான் அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். ஃபெடோராவில் வரும் ஃபைலில் இது ஃபால்ஸ் என்றே எழுதியிருக்கும். உங்கள் ஆபீஸில் யாராவது ஃபெடோரா லேப்டாப் வைத்திருந்து அந்த ஃபைலில் கை வைக்காமல் இருந்தால், அவருக்கும் வேலை செய்திருக்கும்.

ஆக, புது ஐபிக்கான பிடிஆர் ரெக்கார்டில் (ஐபிக்குப் பெயர் சொல்லும் டிஎன்எஸ் பதிவு) வேறு ஏதோ பெயர் உட்கார்ந்திருக்கிறது என்பது என் ஊகம். அந்த ஐபியில் முன்பு வேறு சர்வர் இருந்ததா? ஹோஸ்ட்ஸ் ஃபைலில் வரி இருக்கும் மெஷினில் தலைகீழ் தேடலும் முதலில் அந்த ஃபைலைத்தான் பார்க்கும். போர்ட்டல் பெயரே திரும்பி வரும், டிக்கெட்டும் சரியாகக் கிடைக்கும்.

என்எஸ்லுக்கப்பை நம்பி உட்காராதீர்கள். அது ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் நேரே டிஎன்எஸ் சர்வரிடம் போய்விடும். கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் என்று போட்டு, பெயருக்குப் பதில் ஐபியைக் கொடுங்கள். மெஷின் உண்மையில் என்ன நினைக்கிறது என்பது அதில் தெரியும்.

கேவிஎன்ஓ சோதனையும் இதே காரணத்தால்தான் ஏமாற்றியது. சர்வீஸ் பெயரை முழுசாக அடித்தால் அது வேறெதையும் தேடாமல் அதையே கேட்கும். மைனஸ் எஸ் போட்டு, எச்டிடிபி என்று தனியாகவும் ஹோஸ்ட் பெயரைத் தனியாகவும் கொடுத்துப் பாருங்கள். அப்போதுதான் பிரவுசர் போகும் வழியிலேயே அதுவும் போகும். அதற்கு முன் கேஆர்பி5_ட்ரேஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் ஒரு லாக் ஃபைலின் பெயரைக் கொடுத்துவிடுங்கள். எந்தப் பெயருக்கு டிக்கெட் கேட்டது, டிக்கெட் கொடுக்கும் கேடிசி என்ன பதில் சொன்னது என்று வரிவரியாக வரும். கெர்பரோஸ் தகராறு என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இந்த ட்ரேஸைத்தான்.

சர்வர்ரூம்சாவி:

அண்ணே, அதேதான்! அந்த ஐபி முன்பு ஒரு பிரிண்ட் சர்வருடையது. அதைக் கழற்றி ரொம்ப நாளாயிற்று, பிடிஆர் மட்டும் அப்படியே நிற்கிறது. ட்ரேஸில் எச்டிடிபி, சாய்கோடு, பிரிண்ட்02 என்று கேட்டிருக்கிறது. பதில்: "சர்வர் நாட் ஃபவுண்ட் இன் கெர்பரோஸ் டேட்டாபேஸ்".

இப்போது பிடிஆரைத் திருத்தினால் போதுமா, இல்லை எல்லா உபுண்டுவிலும் ஆர்டிஎன்எஸ்ஸை ஃபால்ஸ் ஆக்க வேண்டுமா?

வயர்மேன்:

பிடிஆரைத் திருத்துங்கள், போதும். ஒரு ரெக்கார்டுக்காக அத்தனை மெஷினில் எதற்குக் கை வைக்க வேண்டும்?

பழையரேக்கு:

பிடிஆரைத் திருத்தத்தான் வேண்டும், லாக் படிப்பவர்களுக்காவது உதவும். ஆனால் அதோடு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த சர்வருக்கு டிக்கெட் வாங்குவது என்பதை பிடிஆரை நம்பி முடிவு செய்யக் கூடாது. டிஎன்எஸ் பதிலைப் போலியாக அனுப்பக்கூடிய ஒருவன் உங்கள் ஆட்களை வேறு சர்வீஸ் பக்கம் திருப்பிவிட அது வழி கொடுக்கும். ஃபால்ஸ் என்று ஒரு வரி எழுதி, எல்லா மெஷினுக்கும் அமைப்பை அனுப்பும் ஆன்சிபிளோ பப்பெட்டோ எது இருக்கிறதோ அதில் தள்ளிவிடுங்கள்.

பிடிஆரில் ஒரு கவனம். பழையதை அழிக்காமல் புதியதைச் சேர்த்தால் ஒரே ஐபிக்கு இரண்டு பெயர் நிற்கும். ஒரு தடவை இது முதலில் வரும், ஒரு தடவை அது. காலையில் வேலை செய்யும், மதியம் செய்யாது, அப்புறம் இதே கேள்வியோடு திரும்ப வருவீர்கள். கையால் போட்ட ரெக்கார்டை, பழையவற்றைத் தானாக அழிக்கும் விண்டோஸ் டிஎன்எஸ்ஸின் ஸ்காவெஞ்சிங்கும் தொடாது, நீங்களேதான் அழிக்க வேண்டும்.

இன்னொன்று. பிரிண்ட்02-இன் கம்ப்யூட்டர் அக்கவுண்டை யாரோ ஒழுங்காக அழித்திருக்கிறார்கள், அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். அது இருந்திருந்தால் கேடிசி இல்லை என்று சொல்லியிருக்காது. கம்ப்யூட்டர் அக்கவுண்டில் இயல்பாக இருக்கும் ஹோஸ்ட் எஸ்பிஎன்னே (பதிவான சர்வீஸ் பெயர்) எச்டிடிபிக்கும் செல்லும் என்பதால், பிரிண்ட்02-க்கு ஒரு டிக்கெட்டை அழகாகக் கொடுத்து அனுப்பியிருக்கும். போர்ட்டலின் கீடேப்பில் அந்தச் சாவி கிடையாது. பிழை சர்வர் பக்கம் போயிருக்கும், நீங்களும் கீடேப்பைத் திரும்பத் திரும்ப உருவாக்கிக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

சர்வர்ரூம்சாவி:

பழைய பிடிஆரை அழித்துப் புதியதைப் போட்டாயிற்று. டிடிஎல் (பழைய டிஎன்எஸ் பதில் நினைவில் நிற்கும் நேரம்) ஒரு மணி நேரம். அது முடிந்ததும் ஹோஸ்ட்ஸ் வரி இல்லாமலேயே அந்த மெஷினும் பாஸ்வேர்டு கேட்காமல் விட்டது. ஆர்டிஎன்எஸ் வரி நாளைக் காலை எல்லா உபுண்டுவுக்கும் போகிறது. வயர்மேன், மன்னிக்கவும்.

வயர்மேன்:

எனக்கென்ன, உங்கள் மெஷின், உங்கள் பாடு. ஆனால் அந்த சோதனை வரியை ஹோஸ்ட்ஸ் ஃபைலிலிருந்து இன்றே நிரந்தரமாக எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை ஐபி மாறும்போது அந்த ஒரு மெஷின் மட்டும் பழைய இடத்துக்கே போய் நிற்கும்.