முன்னறைக்கு ஏழு லிட்டரா, பத்து லிட்டரா?

வேலந்தாவளத்துக்காரர்:
ஓணத்துக்கு முன்னாடி முன்னறைக்கு எமல்ஷன் பெயிண்ட் அடிக்கணும். நீளம் 12 அடி, அகலம் 10, உயரம் 10. ஒரு கதவு, ரெண்டு சன்னல். கடையில ஏழு லிட்டர் போதும்ங்கிறாங்க. பெயிண்டர் பத்துக்குக் கீழ முடியாதுங்கிறார். சமீபத்துல அடிச்சவங்க சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரர்:
ரெண்டு பேருமே பொய் சொல்லலைங்க. நாலு சுவரோட சுத்தளவு 44 அடி, உயரம் 10. ஆக 440 சதுர அடி. கதவு 7க்கு 3, சன்னல் 4க்கு 4ன்னு வச்சா 53 போகும், மிச்சம் 387. பள்ளத்தை நிரப்பப் பட்டி பாத்து, அடிப்பூச்சா பிரைமர் அடிச்ச வழவழப்பான சுவர்னா ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 55 சதுர அடி வரும். கடைக்காரர் சொன்ன ஏழு சரி. சொரசொரப்பான பழைய சுவர்ல அதே லிட்டர் 40ஐத் தாண்டறதே கஷ்டம். பெயிண்டர் சொன்ன பத்து வந்துருச்சா? டப்பா மேல இருக்கற பரப்பு ஒரு கோட்டுக்கா, ரெண்டுக்கான்னும் பாத்துக்குங்க.

எங்க வீட்டுச் சுவரைத் தேச்சா கையில வெள்ளைப் பொடி ஒட்டும். வருசா வருசம் பொங்கலுக்கு அடிச்ச சுண்ணாம்பு. அது மேல நேரா எமல்ஷன் அடிச்சா உரிஞ்சு வந்துரும். சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் விட்டோம். சுவர் குடிச்சதெல்லாம் விலை குறைஞ்ச பிரைமரைத்தான். பெயிண்ட் கணக்குக்குள்ளயே நின்னுச்சு.

சம்பந்தி வீட்டுக் கதை வேற. ஒற்றப்பாலம் பக்கம் வெட்டுகல் சுவர், ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழ முக்கோணமா நிக்கற சுவரை யாரும் அளக்கலை. அகலம் 12, ஏத்தம் 5. பெருக்கிப் பாதி போட்டா 30, ரெண்டு பக்கமும் 60 சதுர அடி. ஒரு லிட்டருக்கு மேல அங்கயே போயிருச்சு. நடுவுல பெயிண்ட் தீந்ததும் பெயிண்டர் மேல திருட்டுப் பட்டம். பாவம் மனுசன், சாப்பாடு கூட வேண்டாம்னு கிளம்பிட்டார்.

கோபாலபுரம், ரிட்டயர்டு ஓவர்சியர்:
கதவு, சன்னல் கழிக்கறதுல ஒரு விஷயம். கட்டட வேலையை அளக்கற இந்தியத் தர விதி ஐ.எஸ். 1200 முறையில அரை சதுர மீட்டர் வரைக்கும் உள்ள திறப்பைக் கழிக்கவே மாட்டோம். அதுக்கு மேல 3 சதுர மீட்டர் வரை சுவரோட ஒரு முகத்துக்கு மட்டும் கழிவு. மறுமுகத்தை விட்டுடறது பக்கவாட்டு, மேல் கீழ் விளிம்பெல்லாம் அடிக்கறதுக்கு ஈடா. அதனால கூலிக்கு அளக்கறப்ப பெயிண்டர் கழிக்க மறுத்தா அதைக் கொள்ளைன்னு நினைக்காதீங்க, விளிம்புலதான் நேரம் போகும். பெயிண்ட் வாங்க மட்டும் கழிச்சுக்குங்க. கூலிக் கணக்கை வச்சு டப்பா வாங்கற வீட்லதான் சண்டையே வரும்.

மீனாட்சிபுரம்:
மிஷின்ல கலர் கலக்கற பேஸ் டப்பால சாயத்துக்கு இடம் விட்டிருப்பாங்க. 4 லிட்டர்னு நாம கேக்கறது 3.6 தான் இருக்கும். அதுல ரெண்டு எடுத்தா உங்க ஏழுக்குச் சரியா வரும். கலக்கினதைக் கடையில திரும்ப எடுக்க மாட்டாங்க. அதுக்குப் பயந்து குறைச்சு வாங்கிட்டு, அப்புறம் பொள்ளாச்சியில ஒண்ணு, சித்தூர்ல ஒண்ணுன்னு அலைஞ்சா ஷேட் நம்பர் ஒண்ணா இருந்தாலும் வெளிச்சம் படற சுவர் காட்டிக் கொடுத்துரும். டப்பா எல்லாத்தையும் ஒரே வாளியில கலந்துட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க.

வேலந்தாவளத்துக்காரர்:
தேச்சுப் பாத்தேன், கையெல்லாம் வெள்ளை. அப்ப சுரண்டல், பிரைமர் எல்லாம் உண்டு. சீலிங் 120 சதுர அடிக்கு வெள்ளை தனியா ரெண்டரை லிட்டர் வருமா?

கொழிஞ்சாம்பாறைக்காரர்:
வரும். 1 லிட்டர் டப்பாவா மூணு எடுங்க. வெள்ளைதானே, பிரிக்காததைத் திருப்பி எடுத்துக்குவாங்களான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க. ஆடி மழை விட்டுச் சுவர் நல்லாக் காஞ்ச பிறகு தொடங்குங்க. பெயிண்டருக்கு மட்டும் இப்பவே அட்வான்ஸ் கொடுத்துருங்க, ஓணம் நெருங்கினா ஆள் கிடைக்காது.