பழைய எஸ்டேட் பங்களாவை அருங்காட்சியகமாக்க: டச்சு மாளிகைகளில் எப்படிச் செய்கிறார்கள்?

மூடுபனி (கேள்வி):
கோத்தகிரிப் பக்கம் நூறு வயது தாண்டிய பங்களா. ஓட்டுக்கூரை, மண்சாந்தில் கட்டிய செங்கல் சுவர், தேக்குத் தரை, நாலு கணப்பு. சாமான்களில் பாதி போய்விட்டது. மிச்சம் இருப்பது மேசை நாற்காலி, புத்தகங்கள், சில நீர்வண்ணப் படங்கள், திரைச்சீலைகள். நெதர்லாந்தில் பண்ணை மாளிகைகளை அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்களே, அதுபோலத் திறக்க யோசனை. காலி அறைகளை என்ன செய்வது? ஐப்பசி, கார்த்திகையில் உள்ளே ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை. ஏசி போடலாமா?

ஓட்டுவீடு:
காலி அறைக்கு அங்கே இரண்டு வழி உண்டு. ஜெர்மனியின் கடைசிப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், பதவி இழந்து நெதர்லாந்துக்கு வந்த பிறகு, 1920 முதல் 1941-ல் இறக்கும்வரை வாழ்ந்த டோர்ன் மாளிகையில், அவர் கொண்டுவந்த சாமான்கள் அவர் விட்டுப்போன இடத்திலேயே இருக்கின்றன. குரோனிங்கன் மாகாணத்தில் உள்ள மென்கெமாபோர்க் மாளிகை வேறு மாதிரி: 1921-ல் வாரிசுகள் அதை குரோனிங்கர் அருங்காட்சியகத்திடம் கொடுத்தார்கள், அந்தக் காலத்துச் சாமான்களைச் சேர்த்து அறைகளை நிரப்பி 1927-ல் திறந்தார்கள். இரண்டாவது வழியில் போனால் எது வீட்டோடு இருந்தது, எது பின்னால் வந்தது என்று ஒவ்வொரு பொருளுக்கும் பதிவேட்டில் எழுதியே ஆக வேண்டும். பத்து வருஷம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. என் கருத்து: இரண்டு அறைகளை முழுதாக அமையுங்கள், மற்றதைக் காலியாகவே விடுங்கள். தேக்குத் தரையும் கணப்பும் பார்க்க வேண்டியவைதான். கண்ணாடிப் பெட்டிகளால் அடைத்தால் வீடு மறைந்துவிடும்.

சுண்ணாம்புக்காளவாய்:
ஏசி வேண்டாம். 15 டிகிரி அறையில் அது ஓடாது, ஓடினாலும் சுவர் இன்னும் குளிர்ந்து வேர்க்கும். கம்ப்ரஸர் வைத்த ஈரம் உறிஞ்சியும் அந்தக் குளிரில் சுருளில் பனி பிடித்து நின்றுவிடும்.

செய்ய வேண்டியது லேசாகச் சூடாக்குவது. 15 டிகிரியில் 85 சதவீதம் இருக்கும் காற்றை 20 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 62-க்கு இறங்கும். பூஞ்சை 70-க்கு மேல்தான் தலையெடுக்கும். எண்ணெய் ஹீட்டரை ஹியூமிடிஸ்டாட்டில் மாட்டி 60-ல் வையுங்கள். வெப்பத்தைப் பார்த்து இல்லாமல் ஈரத்தைப் பார்த்து அதுவே போட்டு அணைக்கும். கணப்பில் விறகு எரிக்காதீர்கள், புகைக்கரி படங்களில் படியும்.

நெதர்லாந்தில் தொல்லை தலைகீழ். குளிர்காலத்தில் ஆட்கள் வசதிக்காக 20 டிகிரிக்குச் சூடாக்கினால் காற்று வறண்டு மரப்பலகை வெடிக்கும். இரண்டு ஊரிலும் பாடம் ஒன்றுதான்: சூடு பொருளுக்காக. பார்க்க வருகிறவர்கள் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டாம்.

ஆனால் ஹீட்டர் கடைசி வேலை. முதலில் ஓடு, பிறகு தகரத் தூம்பு. கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழைதான் வலு, அதனால் புரட்டாசிக்குள் தூம்பில் சருகு அள்ளியாக வேண்டும். வெளியே மண் தரைமட்டத்துக்கு ஏறியிருந்தால் ஒரு சாண் வெட்டி இறக்குங்கள். அலமாரி வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கட்டும். படச்சட்டத்தின் கீழ் மூலைகளுக்குப் பின்னால் கார்க் துண்டு ஒட்டினால் காற்று புகும்.

நூலாம்படை:
நீர்வண்ணப் படம், திரைச்சீலை இரண்டுக்கும் 50 லக்ஸ் வெளிச்சம் போதும். ஜன்னலோரம் 500 லக்ஸ் இருந்தால், ஒரு மணி நேரத்தில் பத்து மணி நேரச் சேதம் ஆகிவிடும். ஆள் இல்லாத நேரம் ஜன்னல் கதவை மூடிவிடுங்கள், காசு செலவில்லாத வழி இதுதான்.

புத்தகத்தில் பூச்சி இருந்தால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி பெட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அட்டையில் நீர் முத்து கோத்து மை கசியும். எண்ணெய் வண்ணப் படத்தை ஃப்ரீசர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மூடுபனி:
நன்றி. கூரையிலிருந்தே தொடங்குகிறோம். வெளிச்சுவரில் இரண்டடி உயரத்துக்கு சிமெண்ட் பூச்சு இருக்கிறது. உள்பக்கம் அதே உயரத்துக்கு மேலேதான் உப்புப் பூக்கிறது. எடுத்துவிடலாமா?

சுண்ணாம்புக்காளவாய்:
எடுத்தே ஆக வேண்டும். வெளியே போக வழியில்லாத ஈரம் சிமெண்டுக்கு மேலே ஏறி உள்பக்கம் வருகிறது. சின்ன உளியால் ஓரத்திலிருந்து நெம்புங்கள். டிரில் வைத்தால் மண்சாந்தும் சேர்ந்து உதிரும். ஒரு மழையில்லாத மாதம் சுவரைத் திறந்தே விடுங்கள். பிறகு நீற்றுச் சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு, ஒரு பூச்சு 10 மில்லிமீட்டர் தாண்டாமல். ஒவ்வொரு பூச்சும் இறுகும்வரை ஈரச் சாக்கு போர்த்துங்கள். மார்கழி, தையில் பூச வேண்டாம். உறைபனி விழுந்தால் பச்சைச் சுண்ணாம்பு மறுநாளே தோல் உரியும். மாசிக்குப் பிறகு ஆள் கூப்பிடுங்கள்.