கழுத்தில் ஒரு சின்னக் கீறல், அதற்கு முன்னால் நாலு வருஷம்

முதல் தடவை சிறுநீரகக் கல் வந்தபோது, "தண்ணியே குடிக்கறதில்லையா?" என்று எல்லாரும் என்னைத்தான் திட்டினார்கள். இரண்டாவது கல்லுக்கும் அதே பாட்டு. மூன்றாவது கல்லோடு போனபோதுதான் ஒரு டாக்டர் என் பழைய ரிப்போர்ட்டுகளை மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒரே வரிமேல் விரலை நகர்த்திக்கொண்டே போனார். கால்சியம் 10.9. அடுத்த தாளில் 11.1. அதற்கடுத்து 11.3. நாலு வருஷமாக நார்மலைத் தாண்டியிருந்தும் யார் கண்ணிலும் படாத வரி.

பி.டி.எச். பார்க்கச் சொன்னார். கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் விடுகிற, ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் ஹார்மோன் அது. 62 வந்தது. தாளில் 65 வரை நார்மல் என்று போட்டிருந்ததால் எனக்கு நிம்மதி. அவர் தலையை ஆட்டினார். "ரத்தத்தில் கால்சியம் ஏறினால் பாராதைராய்டு வாயை மூடிக்கொள்ளணும்மா. இது மூடவே இல்லையே, அதுதான் கோளாறு."

பேரில்தான் தைராய்டு. வேலையில் இரண்டுக்கும் சம்பந்தமில்லை, பக்கத்து வீடு அவ்வளவுதான். அரிசி மணி அளவில் நாலு சுரப்பி. பெரும்பாலானவர்களுக்கு அதில் ஒன்றுதான் வீங்கிக் கெடுமாம். கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். பிறகு டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி ஒரு ஸ்கேன். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் தைராய்டு மங்கிப்போய், இடது பக்கம் கீழே ஒரு புள்ளி மட்டும் அணையாமல் நின்றது.

ஆபரேஷன் கீறல் இரண்டரை சென்டிமீட்டர். கெட்டதை எடுத்த பத்தாவது நிமிஷம் மறுபடி ரத்தம் எடுத்தார்களாம். பி.டி.எச். ரத்தத்தில் சில நிமிஷமே தங்கும் என்பதால், பாதிக்குக் கீழே இறங்கினால் குற்றவாளி பிடிபட்டான் என்று அர்த்தம். எனக்கு அன்றைக்கு 88-லிருந்து 19. நான் மயக்கத்தில் சுகமாகக் கிடந்தேன், அந்த ரிசல்ட் வரும்வரை வெளியே தவித்தது என் வீட்டுக்காரர்தான்.

தையலைவிட, மயக்கத்துக்குப் போட்ட குழாயால் வந்த தொண்டை வலிதான் படுத்தியது. மூன்றாம் நாள் உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு, விரல்நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி. கால்சியம் இறங்கினால் இப்படி வரும் என்று முன்பே சொல்லி மாத்திரையும் கொடுத்திருந்ததால் பயப்படவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு மறதியும் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்குத் தூக்கம் சரியானது, மறதி அப்படியேதான் இருக்கிறது.

*

சகோதரி, எனக்கு ஸ்கேனில் ஒன்றுமே தெரியவில்லை. "அப்போ ஆபரேஷன் வேண்டாம்" என்று ஒருவர் அனுப்பிவிட்டார், ஒரு வருஷம் வீண். நோய் இருக்கிறதா என்று சொல்வது ரத்தப் பரிசோதனை. ஸ்கேன் அது எந்த இடம் என்று காட்டத்தான். அடுத்துப் போன சர்ஜன் கொஞ்சம் பெரிதாகவே திறந்து நாலையும் பார்த்தார். இரண்டு வீங்கியிருந்தன. குரல் நரம்பு ஒட்டியே ஓடுவதால் ஆறு வாரம் கரகரப்பு, பிறகு சரியாகிவிட்டது. சின்னக் கீறல் கிடைக்கவில்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

*

என் அம்மாவுக்கும் இதே நோய், வயது 71. கல்லெல்லாம் இல்லை, லேசாக ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்தது. இடுப்பு, முதுகெலும்பு அடர்த்தி சுமாராக இருந்தது, முன்கையில்தான் மோசம். இந்த நோய் அங்கேதான் முதலில் அரிக்குமாம். இதயம் பலவீனம் என்பதால் கழுத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்தார்கள். நடுநடுவே பேச்சுக் கொடுத்தார்களாம், குரல் மாறுகிறதா என்று கவனிக்க. "ரெண்டு நிமிஷம் சும்மா இருக்க விடலடா" என்று இன்னும் புலம்புகிறார்.

தழும்பு தெரிகிறதா அக்கா? அம்மாவுக்கு அதே கவலை.

*

கழுத்து மடிப்போடு போய்விட்டது தம்பி, நானே கண்ணாடியில் தேடத்தான் வேண்டியிருக்கிறது. ஆறாவது மாச கால்சியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது சரியாக இருந்தால்தான் குணம் என்று எழுதுவார்கள். எனக்கு 9.4.